அந்தியூர்ச் சந்தையில் ஒரு வெள்ளைக் குதிரை

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு அப்பாவோடு போயிருந்தேன். மார்வாரி, கத்தியவார் என்று மினுமினுத்து நின்றவற்றைத் தாண்டி, ஓரமாக ஒரு கிழட்டு வெள்ளைக் குதிரை. இடுப்பெலும்பில் துண்டைத் தொங்கப் போடலாம், அப்படி இருந்தது. அமெரிக்காவில் கறிக்குப் போகும் குதிரைகளை ஏலத்தில் பணம் கட்டி மீட்கிறார்கள். நானும் இரண்டு முறை பணம் அனுப்பியிருக்கிறேன். நம் ஊரிலும் அப்படிச் செய்தால் என்ன? எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. அப்பாதான் வேண்டாம் என்கிறார்.

ஒரு வாசகி, கோபி

அன்புள்ள அம்மணிக்கு,

அந்தக் குதிரையைப் பார்த்துவிட்டுச் சும்மா வர முடியாததுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது. அந்த மனசு அப்படியே இருக்கட்டும். செய்கிற வழியைப் பற்றி மட்டும் பேசுவோம்.

நாம் அடிமாடு என்கிறோமே, அங்கே அதே கதியில் குதிரைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் கடைசியாக இருந்த குதிரைக் கசாப்பு ஆலைகள் 2007-இல் மூடப்பட்டன. ஆனால் ஏல வியாபாரிகள் கறிக்கு வாங்கி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் லாரி ஏற்றுவது நிற்கவில்லை. 1956-இல் பென்சில்வேனியாவின் நியூ ஹாலந்து ஏலத்தில், ஏற்கெனவே லாரியில் ஏற்றிவிட்ட ஒரு உழவுக் குதிரையை ஹாரி டி லேயர் என்பவர் 80 டாலர் கொடுத்து இறக்கினார். ஸ்னோமேன் என்று பெயர் வைத்தார். 1958-இல் அது தடை தாண்டும் போட்டிகளில் நாட்டிலேயே முதல் குதிரை. இதைக் கேட்டால் யாருக்கும் பணம் அனுப்பத் தோன்றும்.

ஆனால் 'நாளைக்குள் இவ்வளவு கட்டாவிட்டால் லாரி கிளம்பிவிடும்' என்று படம் போட்டுக் கேட்கும்போது, அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். பல இடங்களில் அதே கறி வியாபாரியிடம்தான். அவனுக்கு ஆலைக்கு இத்தனை தலை அனுப்பியாக வேண்டும். நீங்கள் ஒன்றை இறக்கினால், உங்கள் காசிலேயே இன்னொன்றை வாங்கி ஏற்றுவான். இறங்கிய குதிரை பிழைத்தது உண்மை, ஏறியதும் உண்மை.

அந்தியூரில் கறிக்கென்று குதிரை வாங்கியதை நான் பார்த்ததில்லை. இங்கே நடப்பது வேறு. கல்யாண ஊர்வலத்துக்கும் வண்டிப் பந்தயத்துக்கும் ஓடி ஓய்ந்ததை ஒருநாள் அவிழ்த்துவிட்டுவிடுகிறார்கள். கோவைச் சாலைகளில் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கும் குதிரைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே சந்தைக்கு வருவதற்கு முன்னால், அது கட்டிக் கிடக்கும் வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

என் குதிரை அப்படி வந்ததுதான். காங்கயம் பக்கம் ஊர்வலத்துக்கு வாடகை விட்டவர், தீனி போட முடியவில்லை என்று காசு வாங்காமல் கொடுத்தார். கொறங்காட்டில், அதாவது எங்கள் மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலிக்குள் கொண்டுவந்து விட்டேன். பாவம் என்று முதல் நாளே ஒரு வாளி ஊற வைத்த கொள்ளு வைத்தேன். ராத்திரி படுத்துப் புரண்டது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, தெரியுமா? உள்ளே போனது கீழேதான் போக வேண்டும். விடியும்வரை கயிற்றைப் பிடித்து நடத்தினேன். காலையில் வந்த மாட்டு டாக்டர் என்னைத்தான் திட்டினார். பட்டினி கிடந்த குதிரைக்கு மாவுச்சத்தை ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து, சில நாளில் இதயமே நின்றுவிடலாமாம். நாம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் அறுத்துப் போடும் குதிரைமசாலைத்தான், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஆறு தடவை கொடுக்கச் சொன்னார்.

பத்து நாள் கழித்தும் உடம்பு தேறவில்லை. காலடியில் பச்சைப் புல் உருண்டை உருண்டையாகக் கிடந்தது. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். கொழுக்கட்டைப் புல், பாதி மென்றது, எச்சிலில் ஊறி நார் நாராக வந்தது. டாக்டர் வாயைத் திறந்து விளக்கடித்துக் காட்டினார். கடைவாய்ப் பல் ஓரமெல்லாம் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் உள்ளே புண். குதிரைப் பல் தேயத் தேய மேலே வந்துகொண்டே இருக்கும், ஒரு பக்கமாகத் தேய்ந்தால் இப்படி ஆகிவிடும். அரம் போட்டு ராவினார். அதற்கப்புறம்தான் அது சாப்பிடவே ஆரம்பித்தது. அத்தனை நாளும் அதன் முன்னால் தீனி இருந்திருக்கிறது. மெல்ல முடியாமல் பசியோடு நின்றிருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் வெள்ளைக் குதிரைக்கும் பல்தான் காரணமோ என்னவோ. அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் எந்த ஊர் என்று விசாரியுங்கள். ஒரு மருத்துவரோடு போய்ப் பாருங்கள். வேண்டுமென்றே பட்டினி போடுகிறார் என்றால், 1960-ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம், புகார் கொடுக்கலாம். கொடுக்கச் சம்மதித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நல்ல கவனிப்பில் குதிரை இருபத்தைந்து வருஷத்துக்கு மேலும் இருக்கும். ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். அப்பா வேண்டாம் என்பது கல்மனசால் அல்ல. நீங்கள் கல்யாணமாகிப் போன பிறகு யார் தண்ணீர் காட்டுவது என்ற கணக்காக இருக்கும். அதற்குப் பதில் வைத்துக்கொண்டு அவரிடம் பேசுங்கள்.

முடிந்தால் இருவரும் ஒரு நடை இங்கே வாருங்கள். லாடக்காரர் வரும் நாளைச் சொல்கிறேன். பின்னங்காலைத் தூக்கிப் பிடிக்க எனக்கும் ஒரு ஆள் வேண்டும்.