வீடியோ இண்டர்வியூ: முதலில் குரலைக் காப்பாற்றுங்கள்

"ஊரில் டவர் சரியில்லை. இண்டர்வியூ அன்றைக்குப் பிள்ளையை மதுரைக்குக் கூட்டிப்போய் லாட்ஜில் ரூம் போட்டுவிடலாமா?" மண்டபம், தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி என்று கடலோர ஊர்களிலிருந்து வரும் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. பழகாத அறை, பழகாத வைஃபை, பக்கத்து ரூம் டிவி சத்தம் எல்லாம் சேர்ந்து பிள்ளையின் பதற்றத்தைத்தான் கூட்டும். சொந்த வீட்டிலேயே நான்கைந்து நாள் முன்கூட்டிச் சோதித்துச் சரிசெய்துகொள்ளலாம். எதைச் சோதிப்பது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஜூமில் இருவர் பேசிக்கொள்ளும்போது குரல் மட்டும் போய்வர விநாடிக்கு 60 முதல் 80 கிலோபிட் வேகம் போதும். முகமும் ஓரளவு நன்றாகத் தெரிய 600 கிலோபிட் வேண்டும். ஹெச்.டி. படமென்றால் 1.2 மெகாபிட். படத்துக்குத் தேவைப்படுவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் குரலுக்கு. முகம் கொஞ்சம் மங்கினால் கேள்வி கேட்பவர் பொறுத்துக்கொள்வார். பதில் அறுந்து அறுந்து வந்தால், மூன்றாவது கேள்விக்குள் அவருடைய கவனம் போய்விடும். நல்ல பதிலும் வீணாகிவிடும். அதனால் எல்லா ஏற்பாட்டையும் குரலிலிருந்து தொடங்குங்கள்.

ஸ்பீட் டெஸ்ட் போட்டதும் கண்ணில் பெரிதாகப் படுவது டவுன்லோடு வேகம். நமக்கு வேண்டியது அப்லோடு. பிள்ளையின் குரலும் முகமும் அந்த வழியாகத்தான் அங்கே போகின்றன. அப்லோடு 2 மெகாபிட்டுக்குக் குறையாமல் நின்றால் கவலை இல்லை. இண்டர்வியூ காலை 11 மணிக்கு என்றால் மூன்று நாள் அதே 11 மணிக்கே சோதியுங்கள். ராத்திரி 9 மணிக்கு ஊரே போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வரும் எண்ணும், அதிகாலையில் வரும் எண்ணும் நமக்கு உதவாது. முன் அறை, பின் அறை, ஜன்னலோரம், மொட்டைமாடிப் படி என்று நான்கு இடத்தில் நின்று எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். தகர ஷீட் கூரை சிக்னலை மறிக்கும். அப்படிப்பட்ட வீட்டில் அறை நடுவே கிடைக்காத வேகம் டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் கிடைக்கும். லேப்டாப்பில் பேசுவதென்றால் ஹாட்ஸ்பாட் போனை அந்த ஜன்னலில் வைத்துவிட்டுப் பிள்ளை பத்தடி தள்ளி உள்ளே உட்காரலாம். போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறி மாறித் தாவும் இடமானால் செட்டிங்கில் 4ஜியிலேயே நிறுத்திவையுங்கள். தாவும்போதுதான் பேச்சு அறுபடுகிறது.

அடுத்தது டேட்டா. நம் வீடுகளில் பலருடையது ஒரு நாளைக்கு 1.5 அல்லது 2 ஜிபி பேக். ஒரு மணி நேர வீடியோ பேச்சு அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேலும் எடுக்கும். அன்றைய அளவு தீர்ந்ததும் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். மேலே சொன்ன கணக்குப்படி குரலுக்கே அது இழுபறிதான், படத்துக்கு வழியே இல்லை. காலையில் தம்பி அந்த ஹாட்ஸ்பாட்டில் கிரிக்கெட் பார்த்திருந்தால், மதியம் 2 மணி இண்டர்வியூ நடுவழியில் நிற்கும். அன்று ஒரு நாளைக்கு ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். கூடுதலாக ஒரு டேட்டா வவுச்சரும் முன்பே போட்டு வையுங்கள்.

இரண்டு சிம் போட்ட போனில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான போன்களில், ஒரு சிம்மில் அழைப்பை எடுத்தால் மற்ற சிம்மின் டேட்டா நின்றுவிடும். ஆகவே இரண்டாவது சிம்மை செட்டிங்கில் அணைத்துவிடுங்கள். டேட்டா ஓடும் சிம்முக்கு வரும் அழைப்புகளை அம்மாவின் போனுக்குத் திருப்பிவிடுங்கள். அம்மாவின் போன் வைப்ரேட்டில் பக்கத்து அறையில் இருக்கட்டும். இணைப்பு அறுந்து நிறுவனத்திலிருந்து போன் வந்தால் அது அங்கே வரும். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வேலை சுலபம்: ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையை மட்டும் திறந்துகொள்ளலாம்.

கடலோரத்துக்கே உரிய தொல்லை ஒன்று இயர்போனில் இருக்கிறது. உப்புக்காற்றில் பின்னின் பித்தளை மீது பச்சையாகக் களிம்பு ஏறும். போன் ஓட்டைக்குள்ளும் அப்படியே. பேசும்போது கரகரவென்று வருவதும், ஒரு காதில் மட்டும் கேட்பதும் இதனால்தான். பலர் இதை நெட்வொர்க் கோளாறு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பின்னைக் காய்ந்த பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்து, ஓட்டையில் நாலைந்து முறை செருகி எடுத்துத் திருப்பினால் பாதி சரியாகும். ஆகாவிட்டால் புது இயர்போன் வாங்குங்கள். வயர் வைத்தது நல்லது: சார்ஜ் தீராது, குரலும் பின்தங்காது. அதன் மைக் மோவாய்க்குக் கீழே நான்கு விரல் தள்ளித் தொங்க வேண்டும். சட்டைக் காலரிலோ துப்பட்டாவிலோ கழுத்துச் சங்கிலியிலோ உரசினால், அங்கே கேட்பவருக்கு மண்ணை வாருவதுபோல் இரைச்சல் கேட்கும். எல்லாம் பொருத்தியபின் ஒரு நிமிடம் பேசி ரெக்கார்டு செய்து, பிள்ளையையே போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

இனி சத்தம். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தென்மேற்கு ஜன்னலைச் சாத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஷீட் கூரையின் கீழே பேசவே முடியாது. அந்த மாதங்களில் கான்கிரீட் வீடு உள்ள சொந்தக்காரரிடம் முன்பே கேட்டுவையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கரையில் ஏற்றிய படகுகளில் தட்டுவதும் கிரைண்டர் போடுவதும் பகலெல்லாம் நடக்கும். கடைசி வருடப் பிள்ளைகளின் இண்டர்வியூக்கள் பலவும் அதே நாட்களில்தான் வருகின்றன. கரையோரத் தெருவில் வீடென்றால் உள் தெருவில் ஓர் அறை தேடுங்கள். ஏலக்கூடம், ஐஸ் உடைக்கும் இடம், திருவிழா ஒலிபெருக்கி இவற்றையும் கணக்கில் எடுங்கள். வெறும் சுவர் உள்ள அறையில் குரல் எதிரொலித்தால் போனுக்குப் பின்னால் கொடியில் இரண்டு போர்வையைத் தொங்கவிட்டு, தரையில் பாய் விரித்தால் போதும். டேபிள் ஃபேன் காற்று மைக்கில் நேராகப் படக் கூடாது.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே நாளிதழில் வரும். அந்த நாளும் இண்டர்வியூ நாளும் ஒன்றானால், இரண்டு நாள் முன்பே நிறுவனத்துக்கு மெயில் எழுதி வேறு நேரம் கேட்கலாம். இது குறையே இல்லை. முன்னதாகக் கேட்பவரைப் பொறுப்பானவராகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பத்து நிமிடத்துக்கு முன்பு கேட்டால்தான் சிக்கல். வெயில் காலத்தில் சார்ஜ் போட்டபடியே வீடியோ பேசினால் போன் கொதிக்கும், திரை மங்கும், செயலி திணறும். முன்பே முழுதாகச் சார்ஜ் ஏற்றி, வயரைப் பிடுங்கி, கவரையும் கழற்றி வையுங்கள்.

படத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழக் கூடாது; ஆகவே ஜன்னலைப் பார்த்து உட்காரட்டும். முன்பக்கக் கேமராவின் மேல் உப்புப் படலம் படிந்திருக்கும். லேசாக ஈரமான துணியால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை துடைத்தால், புகை மூட்டமாகத் தெரிந்த முகம் தெளியும். போனைக் கையில் பிடிக்காமல் புத்தக அடுக்கின் மேல் கண் உயரத்தில், இரண்டு இரண்டரை அடி தள்ளி, படுக்கைவாட்டில் நிறுத்துங்கள். படுக்கைவாட்டில் வைத்தால் கேமரா பக்கவாட்டுக்குப் போய்விடும் என்பதால், அதன் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டால் பேசும்போது எங்கே பார்ப்பது என்று தெரியும். பளிச்சென்ற வெள்ளைச் சுவருக்கு முன்னால் கேமரா முகத்தை இருட்டாக்கிவிடும். வெளிர்நீல, வெளிர்பச்சைச் சுவர் தேவலை. சட்டையில் நெருக்கமான கோடும் கட்டமும் வேண்டாம். செயலியில் பெயர் என்னவென்று பாருங்கள். அப்பாவின் போன் என்றால் அப்பா பெயரோ கடைப் பெயரோதான் அங்கே தெரியும், மாற்றிவிடுங்கள்.

தம்பி, தங்கச்சி, இனி உங்களுக்கு. நேரில் பேசும்போது நாம் "ம்... ம்..." என்று சொல்லிக் கேட்பது மரியாதை. வீடியோவில் அது கேடு. எதிரொலியைத் தடுக்கும் ஏற்பாடு செயலியில் இருப்பதால், நீங்கள் "ம்" போடும் நொடியில் எதிரில் பேசுபவரின் குரல் அமுங்கலாம். கேள்வியின் கடைசிச் சொல் உங்களுக்குக் கேட்காமல் போவது பல நேரம் இதனால்தான். தலையை மட்டும் அசையுங்கள். கேள்வி முடிந்ததும் மனதுக்குள் "ஒன்று, இரண்டு" எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். குரல் வந்துசேரத் தாமதமாகும், அவர் இன்னும் முடித்திருக்க மாட்டார்.

அறிமுகம் 90 விநாடி. ஆங்கிலத்தில் 180 சொல்லுக்குள் எழுதி, வாய்விட்டுப் பத்து முறையாவது சொல்லிப் பாருங்கள். ஆனால் அப்படியே பார்த்து வாசிக்க வேண்டாம். கண் இடமிருந்து வலம் ஓடுவது எதிரே அப்பட்டமாகத் தெரியும். ஒரே ஒரு தாளில் ஏழெட்டுக் குறிப்புச் சொற்களைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

"எனக்கு அனுபவம் ஒன்றும் இல்லை" என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். டிப்ளமா மெக்கானிக்கல் படித்த பையன் அப்பாவோடு சேர்ந்து வள்ளத்து இன்ஜினைப் பிரித்துப் பூட்டியிருப்பான். எத்தனை குதிரைத்திறன் இன்ஜின், என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தான், எந்த உதிரியை மாற்றினான் என்று நான்கு வரியில் சொன்னால், கல்லூரி புராஜெக்டை விட அது கனமான பதில். பி.காம். படித்த பெண் அம்மாவின் மகளிர் குழுக் கணக்கை இரண்டு வருடம் எழுதியிருப்பாள். எத்தனை உறுப்பினர், மாதச் சேமிப்பு எவ்வளவு, கணக்கு இடித்தபோது எப்படிப் பிடித்தாள் என்பதுதான் அவளுடைய அனுபவம். அப்பா கடலுக்குப் போகிறவர் என்பதை மறைக்க வேண்டாம். கேட்டால் ஒரு வரியில் நிமிர்ந்து சொல்லிவிட்டு உங்கள் வேலைக்குத் திரும்புங்கள்.

குரல் விட்டுப் போனால் கேள்வியை ஊகித்துப் பதில் சொல்லாதீர்கள். "சாரி சார், யுவர் வாய்ஸ் ப்ரோக் அப். குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் த கொஸ்டின்?" இந்த வரி தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்படி பழகுங்கள். இரண்டாவது முறையும் அறுந்தால், "மே ஐ ஸ்விட்ச் ஆஃப் மை வீடியோ ஃபார் பெட்டர் ஆடியோ?" என்று அனுமதி கேட்டுப் படத்தை அணையுங்கள். குரலுக்கு வழி கிடைத்துவிடும். முழுதாகவே அறுந்தால் அதே லிங்கில் உடனே திரும்ப நுழையுங்கள். இரண்டு நிமிடத்தில் முடியாவிட்டால் அடுத்த சிம்முக்கு மாறுங்கள். அதுவும் நடக்காவிட்டால், முன்பே தாளில் எழுதிவைத்த நிறுவன எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

சில நிறுவனங்கள் எதிரே ஆளே இல்லாத ஒருவழி இண்டர்வியூ வைக்கின்றன. கேள்வி திரையில் வரும், யோசிக்கச் சில விநாடி, பேச ஓரிரு நிமிடம், நேரம் முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும். இதற்குக் கடிகாரம் வைத்துப் பழகுவது ஒன்றே வழி.

பெற்றோரே, அந்த முக்கால் மணி நேரம் உங்கள் வேலை வாசலில்தான். காலிங் பெல்லையும் மிக்ஸியையும் நிறுத்தி, வருகிறவரைத் திண்ணையிலேயே உட்கார வையுங்கள். போனுக்குப் பின்னால் நின்று கையைக் காட்டிச் சொல்லிக்கொடுக்காதீர்கள். பிள்ளையின் கண் உங்களிடம் ஓடும், யாரோ எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று அங்கே சந்தேகம் வரும். அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வளைகுடா வேலைக்கான வீடியோ இண்டர்வியூ அதிகம் என்பதால் நேரக் கணக்கைச் சொல்லியாக வேண்டும். துபாயும் மஸ்கட்டும் நமக்கு ஒன்றரை மணி பின்னால்; சவுதி, கத்தார், குவைத் இரண்டரை மணி பின்னால்; சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி முன்னால். மெயிலில் துபாய் நேரம் 11 என்றால் இங்கே 12.30, சவுதி நேரம் 11 என்றால் 1.30, சிங்கப்பூர் நேரம் 11 என்றால் காலை 8.30. எந்த ஊர் நேரம் என்று போட்டிராவிட்டால் பதில் மெயிலில் கேட்டுவிடுங்கள்.

இண்டர்வியூவுக்கு என்று பணம் கேட்டால் அதோடு நிறுத்துங்கள். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உரிமம் உள்ளவரா என்று பார்க்கலாம். உரிமம் பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அதற்கு ரசீது கேளுங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே வேலை விசா மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்ப வேண்டாம். பத்து நிமிடம் டெலிகிராமில் பேசிவிட்டு, தாய்லாந்திலோ கம்போடியாவிலோ டேட்டா என்ட்ரி வேலை, கை நிறையச் சம்பளம் என்று சொன்னால் கட்டாயம் விலகுங்கள். அப்படிப் போன பிள்ளைகள் அடைபட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள்.

இண்டர்வியூ முடிந்ததும் நன்றி சொல்லி, சிவப்பு பட்டனை அழுத்தி, திரையில் கூட்டம் முடிந்துவிட்டதா என்று பார்த்த பிறகே இயர்போனைக் கழற்றுங்கள். மைக் திறந்திருக்கும்போதே "எவ்வளவு சம்பளம் சொன்னாங்க?" என்று வீட்டார் உள்ளே வந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பிள்ளையாகக் கதவைத் திறக்கும்வரை காத்திருங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள், கேட்ட கேள்விகளையெல்லாம் ஞாபகம் இருக்கும்போதே அவர்கள் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். அடுத்த சுற்றில் பெரும்பாலும் அவற்றிலிருந்துதான் தொடங்குவார்கள். மாலைக்குள் நான்கு வரி நன்றி மெயில் ஒன்று போக வேண்டும்; நடுவில் இணைப்பு அறுந்து பாதியில் நின்ற பதில் ஏதாவது இருந்தால், அதை இரண்டு வரியில் முடித்து அதே மெயிலில் சேர்த்து அனுப்பலாம்.