லாங்கோலென் கால்வாயும் அப்பாவின் படமும்

அன்புள்ள ஐயா,

கால்வாய்ப் பயணங்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். எனக்குப் பத்து வயதில் அப்பா எங்களை இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஓடும் லாங்கோலென் கால்வாயில் ஒரு வாரம் படகில் கூட்டிப்போனார். இங்கிலாந்துக்கு வந்தபின் அவர் எடுத்த முதல் விடுமுறை அது. சுக்கானை என் கையில் கொடுத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டு நின்றார். போன வருடம் அப்பா தவறிவிட்டார். இப்போது என் பிள்ளைகளுக்கு எட்டும் பதினொன்றும். அவர்களை அங்கே கூட்டிப்போக ஆசை. மணிக்கு 4 மைல் போகும் படகில் ஒரு வாரம் இருந்தால் அவர்களுக்குச் சலித்துவிடும் என்கிறார் கணவர். எனக்கு வேறு பயம். என் மனதில் இருக்கும் இடம் அங்கே இல்லாமல் போயிருந்தால்? வீட்டில் இருப்பது ஒரே ஒரு படம்தான். ஒரு கல் பாலத்தடியில் அப்பா நிற்கிறார். எந்த இடம் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவின் கை உங்கள் கைமேல் இருந்த அந்த வரியை இரண்டு முறை படித்தேன். நீங்கள் போக வேண்டும். தயங்காமல் போங்கள்.

உங்கள் பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கால்வாய் இல்லாமல் போக இருந்தது உண்மைதான், ஆனால் அது நீங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு. 1944இல் ஒரு சட்டத்தின் மூலம் அதில் படகுப் போக்குவரத்தைக் கைவிட்டுவிட்டார்கள். அப்படிக் கைவிடப்பட்ட எத்தனையோ கால்வாய்கள் தூர்ந்துபோயின. இது பிழைத்ததற்குக் காரணம் குடிநீர். லாங்கோலெனுக்கு மேலே டீ ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து, கால்வாய் வழியாகவே அதன் மறுமுனையில் உள்ள ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்கு அனுப்பினார்கள். இன்றும் அப்படித்தான். மற்ற கால்வாய்களில் பெரும்பாலும் தண்ணீர் குளம்போல நிற்கும், இதில் மெல்லிய ஓட்டம் இருக்கும். போகும்போது எதிர்நீரில் படகு முனகும், திரும்பும்போது அதுவே தள்ளிவிடும். உங்கள் அப்பா அதைக் கையில் உணர்ந்திருப்பார்.

சரி, சலிப்பு. உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கச் சொன்னால், இரண்டாம் நாளே வீட்டுக்குப் போகலாம் என்பார்கள். கால்வாய்ப் பயணத்தை ஓய்வு என்று நினைத்துப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்து திரும்புகிறார்கள். அதில் ஆளுக்கொரு வேலை இருக்கிறது, அந்த வேலைதான் பல வருடம் கழித்தும் நினைவில் நிற்கிறது. உங்களுக்கே எது மிஞ்சியிருக்கிறது பாருங்கள். காட்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுக்கானைப் பிடித்த பத்து வயதுக் கையை எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் லாக்கில் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். லாக் என்பது இரண்டு முனையிலும் கதவு வைத்த தொட்டி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்குவார்கள். ஹர்ல்ஸ்டனிலிருந்து போகும்போது படகு மேடேற வேண்டும். கிரிண்ட்லி புரூக் என்ற இடத்தில் அடுத்தடுத்து ஆறு லாக்குகள், அதில் மேலே உள்ள மூன்று மாடிப்படிபோல ஒன்றோடொன்று ஒட்டியவை. எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. எல் வடிவத்தில் ஒரு இரும்புக் கைப்பிடி கொடுப்பார்கள், விண்ட்லாஸ் என்று பெயர், அதை யாரிடமும் தர மாட்டேன் என்று இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாள். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடினோம். லாக்கின் அகலம் ஏறத்தாழ 7 அடி, படகு அதைவிட இரண்டு அங்குலம்தான் குறைவு. இரண்டு பக்கமும் பாசி பிடித்த செங்கல் சுவர், ஈரம் சொட்டும் பெரணிச் செடிகள், மேலே ஒரு துண்டு வானம். மகள் மேலே நின்று விண்ட்லாஸைச் சுற்ற, மேல்கதவுப் பக்கத்து மதகு திறந்து தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. ஒரு முறை நிரம்ப ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். படகு செங்கல் செங்கலாக மேலே வந்து, கடைசியில் என் முகமும் அவள் முகமும் நேருக்கு நேர் வந்தன.

அப்புறம் கதவு. கதவோடு சேர்ந்த நீண்ட மர உத்திரத்தில் முதுகைச் சாய்த்துத் தள்ள வேண்டும். இரண்டு பக்கமும் நீர்மட்டம் ஒன்றாகும்வரை எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. விரல்கடை வித்தியாசம் இருந்தாலும் அசையாது. அவள் முக்கி முக்கித் தள்ளிப் பார்த்தாள், கோபம் வந்தது. பேசாமல் சாய்ந்து நில் என்றேன். நின்றாள். சற்று நேரத்தில் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் தானாக நழுவ ஆரம்பித்தது. அப்போது அவள் முகத்தில் வந்த ஆச்சரியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. திரும்பி வரும்போது லாக்கில் படகு இறங்கும். மேல்கதவுக்கு அடியில் தண்ணீருக்குள் ஒரு படி நீட்டிக்கொண்டிருக்கும். படகின் பின்பகுதி அதில் மாட்டிக்கொண்டால், தண்ணீர் வடிய வடிய முன்பக்கம் கவிழும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், படகின் பின்முனை அந்தக் கோட்டைத் தாண்டி முன்னால் இருக்கும்படி வைத்திருக்க வேண்டும். இதை மட்டும் பெரியவர் ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை எந்நேரமும் இருக்கட்டும்.

பொன்ட்கசுல்த்தே நீர்ப்பாலத்தைப் பற்றிப் பலரும் சொல்லியிருப்பார்கள். தாமஸ் டெல்ஃபோர்ட், வில்லியம் ஜெஸ்ஸப் என்ற பொறியாளர்கள் 1805இல் முடித்தது, பள்ளத்தாக்குக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில் இரும்புத் தொட்டியில் படகு போகும். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு, மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. அந்த ஐந்தாறு நிமிடம் பிள்ளைகளைப் படகுக்குள்ளேயே வைத்திருங்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு அதைவிடப் பிரியமானது ஒன்று உண்டு. பழைய பாலங்களின் மூலையில் கையை வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் குதிரை கரையில் நடந்து படகை இழுத்தது. நனைந்த கயிறு மண்ணும் மணலுமாக வருடக்கணக்கில் உரசி, கல்லிலும் இரும்பிலும் பள்ளம் பள்ளமாக அறுத்திருக்கிறது. விரல் அப்படியே பொருந்தும். எங்கள் மகள் ஒவ்வொரு பாலத்திலும் இறங்கித் தேடினாள். 4 மைல் வேகம் என்பதால் அவள் இறங்கி ஓடிப் பார்த்துவிட்டு வந்து அடுத்த வளைவில் ஏறிக்கொள்ள முடிந்தது.

மாலையில் சீக்கிரமே படகைக் கட்டிவிடுங்கள். எஞ்சினை அணைத்ததும் காதில் ஒரு நிமிடம் ரீங்காரம் இருக்கும். அது அடங்கியபின் நாணல் உரசும் சத்தமும், படகின் இரும்பு உடலில் தண்ணீர் தட்டும் சத்தமும் வரும். அந்த நேரத்தில் அப்பாவைப் பற்றிப் பேசுங்கள், பிள்ளைகள் கேட்பார்கள்.

கடைசியாக அந்தப் படம். ஒரு உருப்பெருக்கியை எடுத்து, பாலத்தின் வளைவுக்கு நடுவே, உச்சியில் பாருங்கள். இந்தக் கால்வாயில் பாலங்களுக்கு எண் உண்டு, சிறு பலகையில் எழுதிப் பதித்திருப்பார்கள். ஹர்ல்ஸ்டனிலிருந்து தொடங்கும் வரிசை இந்தக் கால்வாயில் ஃபிராங்க்டன் சந்திப்புவரைதான், இன்னொரு கால்வாய் பிரியும் இடம் அது. அங்கிருந்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள், எண்ணுக்குப் பக்கத்தில் டபிள்யூ என்ற எழுத்து இருக்கும். எண் பாதி தெரிந்தாலும் அனுப்புங்கள். என்னிடம் அந்தக் கால்வாயின் வரைபடம் இருக்கிறது, சேர்ந்து தேடலாம்.