ஈசிஈ (எலக்ட்ரானிக்ஸ், தகவல்தொடர்புப் பொறியியல்) எடுத்தால் பையன் வாழ்க்கை வீணாகிவிடுமா?

அம்மா, உங்கள் மகன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "போன்ல அப்பா குரலும் சித்தப்பா குரலும் ஒரே மாதிரி இருக்கு. கம்ப்யூட்டர் மட்டும் எப்படிப் பிரிச்சுச் சொல்லுது?" பிளஸ் டூ படிக்கும் பையன் இப்படிக் கேட்பது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "ஹெட்போனை மாட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்குகிறான்" என்று அவனைத் திட்டாதீர்கள்.

பழைய தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். அதற்கு மேலே உள்ள நுணுக்கங்கள் வெட்டுப்பட்டுவிடும். அண்ணன் தம்பிக்குத் தொண்டை, வாய் அமைப்பும் ஒத்துப்போனால் நம் காது ஏமாந்துவிடுகிறது. ஆனால் கணக்கு அவ்வளவு சுலபமாக ஏமாறாது. கான்பூரில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்த பிஷ்ணு அடல், 1961-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஒலியின் முந்தைய சில அளவுகளை வைத்து அடுத்த அளவைக் கணிக்கும் முறையை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். அந்தக் கணிப்பில் கிடைக்கும் எண்களில் பேசுபவரின் வாய், தொண்டை வடிவம் பதிந்திருக்கும். பேசுவது யார் என்று கண்டுபிடிக்க அந்த எண்கள் எவ்வளவு உதவும் என்பதை 1974-ல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். செல்போனில் நம் பேச்சைச் சுருக்கி அனுப்பும் முறைகளுக்கும் அவருடைய வேலைதான் அடித்தளம்.

சரி, வேலைக்கு வருவோம். குரல் அடையாளம் என்ற ஒன்றை மட்டும் நம்பினால் இடங்கள் குறைவு, பெரும்பாலும் எம்.டெக்காவது கேட்பார்கள். ஆனால் அதற்கு அடியில் இருக்கும் சிக்னல் பிராசஸிங் (ஒலி போன்ற அலைகளைக் கணக்கால் அலசும் பாடம்) தெரிந்தவனுக்குத் தொலைத்தொடர்பு, காதுக்கருவி, தடயவியல், போலிக் குரலைக் கண்டுபிடிப்பது என்று பல கதவுகள் உண்டு. அதனால் ஈசிஈ தாராளமாக எடுக்கலாம். சிஎஸ்இ கிடைத்தாலும் தப்பில்லை, இந்தப் பாடத்தை விருப்பப்பாடமாக எடுக்க வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கல்லூரி விளம்பரத்தில் 'ஏஐ' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காமல் சிலபஸை வாங்கிப் படியுங்கள்.

எனக்கு உள்ள கவலை அவனுடைய கணக்கு மார்க்தான். அணிகளும் (மேட்ரிக்ஸ்) நிகழ்தகவும் இல்லாமல் இந்தத் துறையில் ஓர் அடிகூட வைக்க முடியாது. அதற்கு டியூஷன் தேவைப்பட்டால் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், பிராட் (Praat) என்ற, பேச்சொலியை அலசும் இலவச மென்பொருளை அவன் லேப்டாப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அப்பாவையும் சித்தப்பாவையும் ஒரே வாக்கியத்தைப் பேசவைத்துப் பதிவு செய்து, எந்த அதிர்வெண்ணில் ஒலி வலுவாக இருக்கிறது என்று திரையில் காட்டும் கரும்பட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பதிவை 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிட்டு மறுபடி ஒப்பிடட்டும். அந்த வேலையில் மணிக்கணக்கில் உட்கார்ந்தான் என்றால், சென்டாக் (புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பு) விருப்பப் பட்டியலில் காலாப்பட்டில் உள்ள புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஈசிஈயை முதலிலேயே போடலாம்.