ஆலிவ் இலை போட்ட 1908 அமெரிக்க ஸ்பெஷல் டெலிவரி (கூடுதல் கட்டணத்தில் கடிதத்தை அவசரமாகக் கொண்டு சேர்க்கும் சேவை) ஸ்டாம்ப் வாங்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

முதலில் விளிம்பைப் பாருங்கள். இந்த ஸ்டாம்பில் ஏமாற்று வேலை அங்கேதான் அதிகம்.

பெரிய தாளாக அச்சடித்து, பிறகு வெட்டிப் பிரித்தார்கள். வெட்டு விழுந்த வரிசையில் இருந்தவற்றுக்கு ஒரு பக்கம் பல் இருக்காது. அவை விலை குறைவாகப் போகும் என்பதால் சிலர் பின்னாளில் துளை போட்டு விற்கிறார்கள். துளைகளை அளக்கும் கேஜில் வைத்தால் நான்கு பக்கமும் 12 வர வேண்டும், அதாவது 2 செ.மீ.க்கு 12 துளை. எண் சரியாக வந்துவிட்டது என்று நின்றுவிடாதீர்கள். தாளிலிருந்து கிழித்தெடுத்த பல்லின் நுனியில் பிய்ந்த நார் தெரியும். பிறகு துளைத்ததில் எல்லா நுனியும் ஸ்கேல் வைத்துச் சீவியதுபோல் ஒரே கோட்டில், மழமழவென்று நிற்கும். எதிர்ப்பக்கத் துளைகளோடு ஒப்பிட்டால் இன்னும் சுலபமாகப் பிடிபடும்.

பசையையும் லென்ஸில் பாருங்கள். அசலில் பசை தடவிய பிறகுதான் துளை போட்டார்கள். நுனி நாரில் பசை ஏறி விறைத்திருந்தால் அது பின்னாளில் பூசியது.

அடுத்து, கறுப்புத் தட்டில் ஸ்டாம்பைக் கவிழ்த்து வாட்டர்மார்க் திரவம் சில சொட்டு விடுங்கள். வாட்டர்மார்க்காகக் காகிதத்திலேயே பதிந்த இரட்டைக் கோட்டு 'யுஎஸ்பிஎஸ்' எழுத்துகளில் ஒரு துண்டு தெரிய வேண்டும். எனக்கு இந்தச் சோதனையில் எழுத்தைவிட முக்கியம், காகிதம் மெலிந்த இடமும் மடிப்பும் கறுப்பாகத் தெரிந்துவிடும் என்பதுதான்.

வெளியான நாள் 1908 டிசம்பர் 12. ரோமானியத் தூதர் கடவுள் மெர்குரியின் சிறகு வைத்த தலைக்கவசமும் ஆலிவ் கிளையும் படம். வரைந்தவர் கட்டடக்கலைஞர் விட்னி வாரன். 'மெர்ரி விடோ' என்ற பட்டப்பெயரைச் சொன்னால் சேகரிப்பாளர்களுக்குப் புரியும். முந்தைய சைக்கிள் தூதர் ஸ்டாம்ப் நீலம், அளவிலும் பெரியது. இதுவோ சிறியது, பச்சை வேறு. பிராங்க்ளின் படம் போட்ட சாதாரண 1 சென்ட் ஸ்டாம்பும் பச்சைதான். அவசரக் கடிதத்தைத் தபால் ஊழியர் ஒரே பார்வையில் பிரித்தெடுக்க முடியாமல் போனதால் 1909இலேயே இதை நிறுத்திவிட்டுச் சைக்கிளுக்கே திரும்பினார்கள். அழகில் குறையே சொல்ல முடியாத ஒரு படம், நிறத்தால் தோற்றது.

ஆயுள் குறைவு என்பதால் என் கணக்கில் தனி ஸ்டாம்பைவிடக் கவர்தான் உயர்த்தி. கவரில் இந்த 10 சென்ட் ஸ்டாம்ப் போக, சாதாரணக் கட்டணம் தனியாக ஒட்டியிருக்க வேண்டும் (அப்போது அவுன்ஸுக்கு 2 சென்ட்); ஸ்பெஷல் டெலிவரி ஸ்டாம்ப் அதற்குச் செல்லாது. முத்திரை ஸ்டாம்பிலிருந்து கவர் மீது தொடர்ச்சியாக ஓடுகிறதா, பின்பக்கம் போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை பொருந்துகிறதா என்று பாருங்கள். 1909க்குப் பிந்தைய தேதி இருந்தாலே போலி என்று தள்ள வேண்டாம். கையிருப்பை மக்கள் தொடர்ந்து ஒட்டினார்கள். ஆள் இல்லாமல் திருப்பி அனுப்பியவற்றில், முதலில் கொண்டுபோய்க் கொடுக்க முயன்ற அலுவலகமே கட்டணத்தை எடுத்துக்கொண்டதாக ஒரு முத்திரை விழுந்திருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் ஸ்டாம்பைத் தண்ணீரில் போட்டுப் பிரித்துவிடாதீர்கள்.