தனியாகப் படிப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி. முதல் ஆண்டில் இருந்த ஆர்வம் இப்போது இல்லை. வகுப்பு, நோட்ஸ், தேர்வு, மறுபடி வகுப்பு. மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை, ஆனால் எதுவும் மனதில் ஒட்டவில்லை. ஊக்கப் பேச்சுகள் கேட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் தாங்குகிறது. துறையைத் தவறாகத் தேர்ந்துவிட்டேனோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஊக்கப் பேச்சு இரண்டு நாள் தாங்கியதே பெரிய விஷயம்.

உங்கள் கடிதத்தில் வகுப்பு வருகிறது, நோட்ஸ் வருகிறது. கூடப் படிக்கும் ஒருவர்கூட வரவில்லை. துறையைச் சந்தேகிக்கும் முன் அதைப் பாருங்கள்.

1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் பலர் ஏன் பின்தங்குகிறார்கள் என்று யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் ஆராய்ந்தார். ஆர்வமில்லை, குடும்பச் சூழல் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர் மாணவர்களின் கூடவே இருந்து, எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். உழைப்பில் குறையில்லை, ஆனால் பெரும்பாலும் தனியாகவே படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களோ தனித்தனியாகப் போட்டுப் பார்த்த பிறகு ஒன்றுகூடி, விடைகளை ஒப்பிட்டு, ஒருவரையொருவர் குடைந்தார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால், கணக்குதான் கடினம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? தன் மண்டையில்தான் கோளாறு என்று நினைப்பார். ட்ரைஸ்மன் பிறகு அமைத்த குழுக்களில் எனக்குப் பிடித்த விஷயம், அவர் எளிய பாடம் எதுவும் வைக்கவில்லை. கடினமான கணக்குகளைத்தான் கொடுத்தார். மதிப்பெண்கள் ஏறின.

உங்கள் துறையிலும் ஓர் ஆள் உண்டு, ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர். கனரக லாரி ஒன்று சின்னக் காரில் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும்? நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிக்கத் தெரிந்த மாணவர்களே இந்த மாதிரிக் கேள்விகளில் தடுமாறினார்கள். (இரண்டும் சமம்தான். உங்களுக்குத் தெரியும்தானே?) பலகையில் எவ்வளவு விளக்கியும் பயனில்லாதபோது, பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள் என்றார். வகுப்பு சந்தைக்கடை ஆனது. சில நிமிடங்களில் விடையும் வந்தது. நேற்றுப் புரிந்துகொண்டவருக்கு எங்கே இடறும் என்று நினைவிருக்கும். பேராசிரியருக்கு அது மறந்து வெகுகாலம் ஆகியிருக்கும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? இன்னும் இரண்டு பேரைப் பிடியுங்கள். நெருங்கிய நண்பர்கள் வேண்டாம், பேச்சு வேறெங்கோ போய்விடும். வாரம் ஒருநாள், ஆளுக்கொரு கணக்கை நோட்ஸை மூடிவைத்துவிட்டு விளக்க வேண்டும். அதற்கு முன் தனியாக முட்டிமோதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காப்பி அடிக்கும் கூட்டமாகிவிடும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது நெடுநாள் நிற்கும் என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் சோதித்தே காட்டினார்கள். மனதில் ஒட்டவில்லை என்றீர்களே, அதற்கும் இதுதான் வழி.

துறை மாறுவதை ஒரு செமஸ்டர் தள்ளிப்போடுங்கள். அதற்குப் பிறகும் இயற்பியல் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மாறுங்கள்.