டாக்டர் ரூமில் ஆபிஸ் வேலைக்குப் படிப்பு: தென்னாப்பிரிக்கா சாட்ஸ்வொர்த் தங்கச்சிக்கு

தங்கச்சி, மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்துவிட்டுக் கடையில் பில் போடுகிறேன், மெடிக்கல் ஆபிஸ் படிப்புக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டும் முன்னால் அந்தப் படிப்பு சாக்வாவில், அதாவது தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்தில், பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், நான் பார்க்காமல் கட்டி ஒரு வருடம் வீணாய்ப் போனது இன்னும் வலிக்கிறது. அப்புறம் ஐசிடி-10 கோடிங், அதாவது ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போடுவது, கட்டாயம் சொல்லித்தர வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு ஐ10, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு இ11 என்று போகும். கோடு தப்பினால் மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவைக் கட்டும் காப்புத் திட்டம்) கிளெய்மைத் திருப்பிவிடும், திருத்தி மறுபடி அனுப்ப 60 நாள்தான், அதைத் தவறவிட்டால் பாவம், செலவு நோயாளி தலையில் விழும். பில் போட்டுப் பழகிய கை உங்களுக்கு, இது வரும். ஒருவரின் சொந்தத் தகவல்களைக் காக்கும் போப்பியா சட்டத்தையும் படியுங்கள். நம் ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், பக்கத்து வீட்டு அத்தையே கேட்டாலும் ஒருவர் ரிப்போர்ட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.