வாத்தியார் பதில்கள்: பைக்கால் ஏரி

கேள்வி: நம்ம காவேரிப்பாக்கம் ஏரியைவிடப் பழைய, ஆழமான ஏரி ரஷ்யாவில் இருக்கிறதாமே? பேத்தி கேட்கிறாள். – ஒரு வாசகி, ஓச்சேரி

பதில்: இருக்கிறதம்மா. சைபீரியாவில் பைக்கால். காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தில் வெட்டியது. நிரம்பி வழிந்தாலும் 30 அடிச் சொச்சம்தான் ஆழம். பைக்கால் யாரும் வெட்டியதில்லை. அங்கே பூமியின் மேலோடு பிளந்து இன்னும் விலகிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்று இரண்டரைக் கோடி வருடமாவது ஆகிறது. ஆழம் 1,642 மீட்டர். நீளம் 636 கிலோமீட்டர். வேலூரிலிருந்து சாலை வழியாகக் கன்னியாகுமரி போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் உறையாமல், நிலத்தின் மேல் கிடக்கிற நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே ஏரியில்!

பேத்திக்குக் கோலோம்யங்கா என்ற மீனைச் சொல்லுங்கள். உடம்பில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், தோல் கண்ணாடி மாதிரி, முட்டையிடாமல் குட்டி போடும். அதைத் தின்று வாழ்வது நெர்ப்பா என்கிற சீல். முழுக்க நன்னீரிலேயே வாழும் ஒரே சீல் இனம் அதுதான். ஆனால் வகுப்பில் நான் அதிக நேரம் பேசுவது எபிஷுராவைப் பற்றி. ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராத கூனிப்பூச்சி அது. கோடானுகோடியாக இருந்து பாசியை வடிகட்டித் தின்கிறது. பைக்கால் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருப்பதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

கேள்வி: அங்கே மீன்பிடித் தொழில் உண்டா? – ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: உண்டு. ஓமுல் என்ற மீனுக்குத்தான் கிராக்கி. அது குறைந்துபோனதால் 2017இல் வணிகத்துக்குப் பிடிக்கத் தடை போட்டார்கள்.

கேள்வி: குளிர்ப் பிரதேசம், ஜனமும் குறைவு. அந்த ஏரிக்கு என்ன கெடுதல் வரப்போகிறது ஐயா? – ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: தோல் பதனிடும் ஊரான ஆம்பூரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததால் விவரமாகவே எழுதுகிறேன் தம்பி. 1966இல் அதன் தென்கரையில் ஒரு காகிதக்கூழ் ஆலை வந்தது. பல வருடம் கழிவுநீர் ஏரிக்குள் போனது. 2013இல் ஆலையை மூடிவிட்டார்கள். கழிவுச் சகதி மட்டும் இன்றும் கரையோரக் குழிகளில் லட்சக்கணக்கான டன் கிடக்கிறது. மலையிலிருந்து சேற்று வெள்ளம் இறங்கினால் குழி உடைந்து நேரே ஏரிக்குள்தான். உள்ளே போன தண்ணீர் முழுக்க மாற 300 வருடத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். விஷமும் அவ்வளவு காலம் தங்கும் என்பதுதான் என் கவலை.

இதற்குமேல் சுற்றுலா விடுதிகளின் சாக்கடை. அது சேரும் கரையோரங்களில் ஸ்பைரோகைரா பாசி திட்டுத் திட்டாகப் படர்கிறது. அடியில் பச்சையாக மரம்போல் நிற்கும் கடற்பஞ்சு இனங்கள் நோய் கண்டு சாகின்றன. ஏரி நீரும் சூடேறி வருகிறது; பனி மூடியிருக்கும் நாட்கள் குறைகின்றன.

1996 டிசம்பரில் யுனெஸ்கோ பைக்காலை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அதே வருடம் ஆகஸ்டில்தான் நம் பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஷாப்புகள் வழக்கில், கெடுத்தவனே செலவு செய்து சரிசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் குரோமியக் கழிவு மேட்டை நீங்கள் பார்த்திருக்கலாம். தொழிற்சாலை மூடி வருடங்கள் ஆகியும் மழைக்கு மழை அது மஞ்சளாகக் கசிகிறது. பைக்கால் சகதிக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கிராமசபையில் ஆலையை மூடியாச்சே என்று யாராவது சொன்னால், கழிவை எப்போது அள்ளுவீர்கள், எங்கே கொண்டுபோவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள் தம்பி.